ஆடிச் சாரலில் ஆனைமலை: பரம்பிக்குளம், வால்பாறை மழைப்பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று நுழையத் தொடங்கினால் பொள்ளாச்சியில் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். ஊருக்குள் வெறும் தூறல்தான் இருக்கும். ஆனால் தெற்கே பார்த்தால் ஆனைமலை இருக்கிற இடத்தில் மலையே தெரியாது, சாம்பல் நிறத்தில் மேகம் மட்டும்தான். அந்த மேகத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், காட்டில் கூடாரத்தில் இரண்டு இரவு தங்கி, வால்பாறை ஏறி, மறுபக்கம் அதிரப்பிள்ளியில் இறங்குவதுதான் இந்தப் பயணம். நான்கு பகல், மூன்று இரவு. பலமுறை போய் வந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தூரம் அதிகம் இல்லையே, இரண்டு நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். கோடையில் முடியும், மழையில் முடியாது. எந்த நாளிலும் 100 கிலோமீட்டருக்கு மேல் மலையில் ஓட்டாதபடி திட்டமிடுங்கள். மரம் விழுந்து இரண்டு மணி நேரம் சாலை அடைபடலாம், பனிமூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுங்கி நிற்க வேண்டி வரலாம். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்து வைத்தவர்களுக்குத்தான் மழைப்பயணம் சுகமாக இருக்கும்.

எப்போது போவது

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூலையும் ஆகஸ்ட் முதல் பாதியும்தான் உச்சம். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. முதல்முறை போகிறவர்கள் ஜூன் கடைசி வாரத்தையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுங்கள். மழையும் கிடைக்கும், நடுநடுவே வானம் விலகி மலையும் தெரியும். ஆடி நடுவில் போனால் மூன்று நாளும் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் குழந்தைகள் கூட வந்தால் பொறுமை போய்விடும்.

வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதிகனமழை என்பது அவர்கள் கணக்கு. கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் என மூன்று மாவட்டங்களையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதை மூன்றிலும் போகிறது. மஞ்சள் என்றால் கிளம்பலாம். ஆரஞ்சு என்றால் நாளைத் தள்ளிவையுங்கள். சிவப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள்.

அனுமதியும் முன்பதிவும்

முதலில் கூடாரத்தைப் பதிவு செய்யுங்கள், மற்ற தேதிகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரள எல்லைக்குள் இருந்தாலும், அதற்குச் சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான். காப்பகத்தின் நுழைவாயிலான ஆனப்பாடியில் வனத்துறையே கூடாரங்கள் அமைத்து வாடகைக்குத் தருகிறது. காப்பகத்தின் இணையதளத்தில் முன்பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போதே சேத்துமடை வாயிலும் ஆனப்பாடி வாயிலும் எத்தனை மணிக்கு மூடப்படும், மழை காரணமாகக் காப்பகம் மூடப்பட்டால் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டுவிடுங்கள். கனமழைக் காலத்தில் இரண்டு பக்கத்து வனத்துறையும் முன்னறிவிப்பு அதிகம் இல்லாமலேயே வாயிலை மூடுவதுண்டு. இந்தச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு எடுக்கும் அதே தளத்தில் எடுக்கலாம். ஒரு நகலைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், சோதனைச்சாவடியில் நெட்வொர்க் கிடைக்காமல் தவிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சொந்தக் கூடாரம் வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டென்ட் விலை குறைந்துவிட்டதால் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பி, நல்ல இடம் பார்த்து அடித்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனைமலையில் அப்படி ஓர் இடம் கிடையாது. சாலையை விட்டு இறங்கினால் ஒன்று புலிகள் காப்பகம், இல்லையென்றால் தனியார் தேயிலைத் தோட்டம். அனுமதியின்றிக் காப்பகத்துக்குள் நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்துக்குள்ளே ஓடைக்கரையில் கொஞ்சம் சோலைக்காடு இருக்கிறதே, அழகாக இருக்கிறதே என்று பார்த்தால், யானைகள் பகலில் ஒதுங்கி நிற்பது அந்த இடத்தில்தான். சிறுத்தையும் அங்கேதான்.

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ஒரு தனியார் விடுதி காட்டோரம் போட்டிருந்த கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். யாரோ பணம் வாங்கிக்கொண்டு கூடாரம் தருகிறார்கள் என்பதற்காக அந்த இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. அகழியோ மின்வேலியோ இருக்கிறதா, இரவுக் காவலர் உண்டா, வனத்துறைக்குத் தெரிந்து நடக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கே தங்காதீர்கள்.

வண்டியைத் தயார் செய்தல்

மெக்கானிக்கிடம் விடும்போது பொதுவாக சர்வீஸ் செய்யச் சொன்னால் போதாது. டயரின் பட்டன் ஆழம் சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருந்தால் போதும். ஆனால் மழையில் மலையேற 3 மி.மீ.யாவது வேண்டும், இல்லாவிட்டால் தேங்கிய நீரில் டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்கும். பிரேக் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை நீங்களே பாருங்கள், இது எல்லோரும் மறப்பது.

வைப்பருக்கு வருகிறேன். ஒரு ஆகஸ்டில் வால்பாறை ஏறும்போது, இருபதாவது வளைவுக்குப் பக்கத்தில் ஓட்டுநர் பக்க வைப்பர் ரப்பர் நுனியில் கிழிந்து, கண்ணாடியில் வால் போல அடித்துக்கொண்டே வந்தது. சரியாக என் கண் மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நீர்ப்படலம். எதிரே வருவது பஸ்ஸா வேனா என்றே தெரியவில்லை. இடதுபக்க வைப்பரைக் கழற்றி வலதுபக்கம் மாட்டித்தான் ஊர் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து மழைக்காலம் தொடங்கும் முன் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டு, கூடுதலாக ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். கண்ணாடி கழுவும் நீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து வையுங்கள், லாரி வாரி அடிக்கும் சேறு அதில்தான் போகும்.

பெட்ரோலைப் பொள்ளாச்சியில் முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம் பக்கம் பங்க் இல்லை, வால்பாறையில் உண்டு.

எடுத்துப் போக வேண்டியவை

உடையை மூன்று பொட்டலமாகப் பிரித்துக் கட்டுங்கள். நனைவதற்கு ஒரு ஜோடி, மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி. மூன்றாவது, தூங்குவதற்கு மட்டும். இந்தத் தூங்கும் உடை எந்தக் காரணத்துக்காகவும் மழையைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தடிமனான பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள், பைக்கு மேலே போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், ஒருமுறை நனைந்தால் மூன்று நாளும் காயாது. குடை காட்டில் உதவாது, தொப்பி வைத்த ரெயின்கோட் போதும். தலையில் மாட்டும் டார்ச், செருப்பு, தார்ப்பாய்த் துண்டு, பத்து மீட்டர் நைலான் கயிறு, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. செய்தித்தாள் எதற்கென்றால், நனைந்த ஷூவுக்குள் கசக்கித் திணித்து வைத்தால் விடிவதற்குள் பாதி ஈரத்தை உறிஞ்சிவிடும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதலே தடை, சோதனைச்சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

முதல் நாள்: சேத்துமடை ஏறி டாப்சிலிப், ஆனப்பாடி

பொள்ளாச்சியில் காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினால் ஆனைமலை ஊர், வேட்டைக்காரன்புதூர் தாண்டிச் சேத்துமடை. தென்னந்தோப்பு முடிந்த இடத்தில் சாவடி, சாவடிக்கு அப்புறம் காடு. கூடாரத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மலைப்பாதை சிறியது, வால்பாறைச் சாலையின் நாற்பது வளைவு ஏறுவதற்கு முன் ஈரச்சாலையில் கை பழகிவிடும். மேலும் கூடாரத்தில் நனைந்ததையெல்லாம் வால்பாறை அறையில் காயப்போடலாம். தலைகீழாகப் போனால் ஈரத்தோடு வீடு திரும்புவீர்கள்.

டாப்சிலிப் என்ற பெயர், வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்தது. அப்படி வெட்டி வெட்டி மொட்டையான மலையில் மறுபடி தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1933இல் இறந்த அவருடைய சமாதி டாப்சிலிப் அருகிலேயே, அவர் வளர்த்த தேக்குக் காட்டுக்குள் இருக்கிறது. மழையில் அங்கே நின்றால், அகலமான தேக்கிலையில் விழும் நீரின் ஓசை வேறு மாதிரி இருக்கும். தகரக் கூரையும் இல்லாமல் புல்லும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆனப்பாடி. கூடாரங்கள் மேடையில் நிலையாக அமைக்கப்பட்டவை, கட்டிலும் கழிப்பறையும் உண்டு. ஆகவே முளை அடிக்கும் வேலை இல்லை. ஆனாலும் கித்தான் கித்தான்தான், அதனால் சில விஷயங்களில் கவனமாக இருங்கள். படுக்கையைக் கூடாரத் துணியை ஒட்டித் தள்ளாதீர்கள், உரசும் இடத்தில் ஈரம் கசியும். நனைந்த உடையை உள்ளே தொங்கவிடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் மெத்தை வரை சில்லிட்டுப்போகும். முன்தாழ்வாரத்தில் கயிறு கட்டிப் போடுங்கள். பழம், பிஸ்கட், ஊறுகாய் எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் வண்டியில் பூட்டுங்கள், குரங்கும் காட்டுப்பன்றியும் தேடி வரும். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காலை விடுங்கள். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் ஜிப்பை ஒரு சாண் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முற்றத்தில் புள்ளிமான்கள் படுத்திருப்பது அங்கே சாதாரணம். மான் படுத்திருந்தால் கவலையில்லை. மான்கள் எல்லாம் எழுந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஜிப்பை மூடிவிட்டு உள்ளேயே இருங்கள்.

இரண்டாம் நாள்: பரம்பிக்குளம், அப்புறம் அட்டை

காப்பகத்துக்குள் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும், வழிகாட்டி கூடவே வருவார். தூணக்கடவு அணை, பரம்பிக்குளம் அணை, கன்னிமாரா தேக்கு என்று சுற்றிவரும். கன்னிமாரா சுமார் 450 வயது என்று மதிக்கப்படும் மரம். ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்ற முடியும். வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர் போன்ற பழங்குடி மக்கள். அவர்கள் கையைக் காட்டிய திசையில் நீங்கள் எதையும் பார்க்காவிட்டாலும் பேசாமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள், காட்டுமாட்டின் வெள்ளைக் கால்கள் மட்டும் முதலில் தெரியும்.

விடியற்காலையில் மழைக்கு நடுவே யாரோ சோம்பலாக விசிலடிப்பது போலக் கேட்டால், அது மலபார் சீகாரப் பூங்குருவி. மழைக்காலம்தான் அது கூடு கட்டும் பருவம். இந்தக் குரலைக் கேட்பதற்காகவே மழையில் போகலாம்.

அட்டை கடிக்கும், அதைத் தவிர்க்க முடியாது. நூல் கனத்தில் ஒன்று ஷூவின் நுனியில் நின்று, தலையை ஆட்டி ஆட்டி மோப்பம் பிடித்து, வளைந்து நிமிர்ந்து லேஸின் ஓட்டை வழியாக நுழைவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேன்ட்டைக் காலுறைக்குள் திணித்து, தோட்டத்துக்காரர்கள் செய்வதுபோல மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலுறைமேல் தடவுங்கள். கடித்தால் பிடுங்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் வழித்தால் வாய் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் என்ற பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்தி ஒட்டினால் சரியாகிவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடைப்பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாம் நாள்: நாற்பது வளைவுகள்

டாப்சிலிப்பும் வால்பாறையும் ஒரே மலைத்தொடர் என்றாலும் நமக்கு நேர்வழி கிடையாது. கீழே இறங்கி, ஆனைமலை ஊர் வழியாக ஆழியாறு சாலையைப் பிடிக்க வேண்டும். ஆழியாறு சாவடியில் பாஸைக் காட்டி முற்பகலிலேயே ஏறத் தொடங்குங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான், ஆனால் மழையில் மூன்று மணி நேரம் வையுங்கள்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. ஆழியாறு அணை மொத்தமும் காலடியில் தெரியும், இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த மலைக்காட்சி இதுதான். மேகம் மூடியிருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். காற்று வேகமாக இருந்தால் பத்து நிமிடத்தில் திரை விலகும், சிறிது நேரம் தெரியும், மறுபடி மூடும். பக்கத்துப் பாறைகளில் வரையாடுகள் மழையைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும். தின்னக் கொடுக்காதீர்கள், தொடப் போகாதீர்கள்.

இனி ஓட்டும் முறை. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். அரசுப் பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். ஆகவே வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, பதில் ஹாரன் கேட்டால் இருபது அடி முன்னாலேயே நின்றுவிடுங்கள். முதல் கியரில் நுழைந்து, வளைவு முடிந்த பிறகு மாற்றுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், ஆட்டோமேட்டிக் என்றால் எல் நிலை. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகல் வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

அட்டகட்டி தாண்டி கவர்கல் பக்கம் வந்தால் பனிமூட்டம் நிச்சயம். ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் மட்டும் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரும் மின்ன ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. உள்கண்ணாடி மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் அரை நிமிடத்தில் தெளியும்.

மண்சரிவுக்கு அறிகுறிகள் உண்டு. சரிவிலிருந்து வழியும் நீர் திடீரென்று செம்மண்ணாக மாறுவது, சிறு கற்கள் உருண்டு சாலையில் கிடப்பது, மரமும் கம்பமும் சாய்ந்து நிற்பது. அந்த இடத்தில் நிற்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் நீர் பாதிச் சக்கரத்துக்கு மேல் இருந்தால் இறக்காதீர்கள். ஓர் அடி வேகவெள்ளம் சிறிய காரைத் தூக்கிவிடும்.

புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும், மெதுவாகப் போங்கள். வால்பாறையில் மாலை ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் சாலையோரம் சிவப்பு விளக்கு மின்னும் ஏற்பாடு உண்டு. மின்னினால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் நாள்: மழுக்குப்பாறை வழியாக இறக்கம்

சோலையாறு அணையின் முழு நீர்மட்டம் 160 அடி, நல்ல ஆடியில் நிரம்பி வழியும். அதைப் பார்த்துவிட்டு மழுக்குப்பாறை, கேரளத்தில் மலக்கப்பாறை என்பார்கள். அங்கே வனத்துறைச் சாவடியில் நுழையும் நேரத்தை எழுதிச் சீட்டுத் தருவார்கள், காட்டின் மறுமுனையில் வாழச்சால் சாவடியில் அதைக் காட்ட வேண்டும். நடுவில் எங்கேயும் இறங்கக் கூடாது, அதிக நேரம் எடுத்தால் கேள்வி வரும். காலையில் எட்டு மணிக்கெல்லாம் நுழைந்துவிடுங்கள். முந்தின நாளே வால்பாறையில் பேருந்துக்காரர்களிடம் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மூடியிருந்தால் வாதாட வேண்டாம், வந்த வழியே பொள்ளாச்சிக்கு இறங்குவதும் அழகான பயணம்தான்.

இந்தச் சாலை முழுக்க அடர்ந்த மழைக்காடு, குறுகல். 2022 நவம்பரில் ஒற்றை யானை ஒன்று எதிரே நடந்துவர, ஒரு தனியார் பேருந்தின் ஓட்டுநர் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டிப் பயணிகளைக் காப்பாற்றியது இங்கேதான். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நில்லுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை மின்னவிடாதீர்கள். அது உங்களை நோக்கி நடந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் வரும் வண்டிக்காரருக்கும் கையைக் காட்டிச் சொல்லுங்கள், அவர் யானையைப் பார்த்திருக்க மாட்டார்.

அதிரப்பிள்ளியில் சாலக்குடி ஆறு சுமார் 80 அடியிலிருந்து விழுகிறது. ஜூலையில் கீழே போகும் பாதையை அடைத்திருந்தால் மேலிருந்தே பாருங்கள், சாரல் அங்கேயே வந்து முகத்தில் அடிக்கும்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. எண்களைத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும்.

வீடு வந்ததும் களைப்பில் வண்டியை அப்படியே மூடிப்போடாதீர்கள். கால்மிதியை எடுத்து வெயிலில் போட்டு, நான்கு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வாடை மாதக்கணக்கில் போகாது. மிதிக்கு அடியில் சுருண்டு கிடக்கும் ஓர் அட்டையாவது நிச்சயம் இருக்கும், உப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.